டிக்கெட் எடுக்காத ஆயிரம் கோடி

லத்தேரி வளைவுக்கு முன்னால்
விசில் மூன்று முறை குட்டையாக ஒலித்தால்
யாரும் இறங்க எழுவதில்லை.
தயாளன் கண்ணாடியில் என்னைப் பார்ப்பான்,
பெட்ரோல் பங்க் ஓரம் வண்டியை ஒதுக்குவான்.
"டயர்ல காத்து பாக்கறாங்க" என்று
முன் சீட்டுப் பூக்காரம்மா மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவாள்.
அவளுக்குத் தெரியும்.
அறுபது பேருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

வேலூர் – குடியாத்தம், நாளைக்கு ஐந்து நடை.
மற்ற கண்டக்டர்களுக்கு எத்தனையோ ஸ்டேஜ்.
எனக்கு நான்கு:
காட்பாடி ஸ்டேஷன், கையில் சில்லறை வேண்டும்.
லத்தேரி பங்க்.
கே.வி.குப்பத்தில் ஒரு பூட்டிய கதவு, சாவி டீக்கடையில்.
அப்புறம் குடியாத்தம்தான்.
அதுவரை கடவுள்.

பல்லில் சீழ் பிடித்து
ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் தின்றது தை மாதம்.
பல் அடங்கியது. வயிறு எழுந்துகொண்டது.
இதோ சித்திரை.

டாக்டர் எழுதிய சீட்டைச்
சட்டைப் பையில் வைத்து மூன்று நடை அடித்தேன்.
வியர்வை அதை முழுக்கப் படித்துவிட்டு
'லாக்டோ' மட்டும் மிச்சம் வைத்தது.

ஆஸ்பத்திரி எதிர்ச் சந்தில்
வங்காள எழுத்து லாட்ஜ் பலகைகளுக்குக் கீழே
மெடிக்கல் கடை.
"லாக்டோன்னு ஆரம்பிக்கிறவங்களே பதினோரு பேர் இருக்காங்க சார்,
எந்த லாக்டோ?" என்றாள் மெஹருன்னிசா.

கண்ணாடி மேல் அடுக்கினாள்.
ஒன்றில் ஐந்நூறு கோடி, ஒன்றில் ஆயிரம் கோடி,
தங்க நிற டப்பாவில் ஐயாயிரம் கோடி.
என் கை தங்கத்துக்குப் போனது.
கூட்டம் ஏறினால் கலெக்‌ஷன் ஏறும்,
என் தொழிலின் கணக்கு அது.

டப்பாவைத் திருப்பி
நகத்தால் பொடி எழுத்தைக் காட்டினாள்.
"தயாரிச்சப்ப இத்தன கோடி.
நீங்க முழுங்கறப்ப எத்தினின்னு போடல பாருங்க.
இதுல காலாவதி தேதி வரைக்கும்னு போட்டிருக்கான்.
கம்மிதான்."

உடனே புரிந்தது.
பஸ் ஸ்டாண்டில் ஏறுகிற எல்லாரும்
குடியாத்தத்தில் இறங்குவதில்லை.

"அந்த இன்னொண்ணு?"
"அது ஃப்ரிட்ஜ் சரக்கு. நேத்து இங்க மூணு மணி நேரம் கரன்ட் இல்ல."
சொல்லாமல் விற்றிருக்கலாம்.
சந்தேகமான ஐந்நூறு ரூபாய் நோட்டை நான் ஒதுக்குவதுபோல்
ஒரு விரலால் ஒதுக்கினாள்.

"தயிர் பத்தாதா?"
"சாப்பிடுங்க, நல்லதுதான்.
உள்ள யாரு எத்தன பேருன்னு எண்ணினவங்க இல்ல, அவ்ளோதான்."

"இதுல கண்டிப்பா சரியாவுமா?"

எனக்குப் பின்னால் ஓர் அசாம்காரர்
ஸ்கேன் உறையை மார்போடு அணைத்து நின்றார்.
அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"சிலருக்கு ஆவுது.
டாக்டர்கிட்ட முழுப் பேரு கேளுங்க.
மூணு மாசமா இப்படின்னா மாத்திரையோட நிக்காதீங்க,
போய் அவரையே பாருங்க."

போனில் நர்ஸ் எழுத்து எழுத்தாகச் சொல்ல
மெஹருன்னிசா அட்டையின் பின்னால் எழுதினாள்:
குலப்பெயர், தன் பெயர்,
கடைசியில் ஒரு நம்பர்.
பஸ்ஸுக்கு இருப்பதுபோலவே.
ஊர் பேரை மட்டும் பார்த்து ஏறுகிறவர்களை
தினமும் நடுவழியில் இறக்கிவிடுகிறேன், நானே.

பத்து கேப்ஸ்யூல், இருநூற்று நாற்பது ரூபாய்.
என் ஒரு நாள் பேட்டா அதைத் தொடாது.

இன்று ஒன்பதாம் நாள், கடைசி நடை.
வீட்டு அலமாரி இருட்டில்
ஒன்பது குழி காலி, ஒன்று மிச்சம்.
உள்ளே யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள்,
யார் படியில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள்,
இன்வாய்ஸ் எழுத முடியாத பயணம்.
நாளை மறுநாள் டாக்டரிடம் டோக்கன், நாற்பத்தியேழு.

லத்தேரி வளைவு.
தயாளன் கண்ணாடியில் பார்க்கிறான்,
கியரைக் குறைக்கிறான்.
காலிக் கூடையோடு பூக்காரம்மாவும் திரும்புகிறாள்,
டயர் வசனம் தயாராக.

விசில் உதட்டில்தான் இருக்கிறது.
ஊதவில்லை.
பங்க் விளக்கு ஜன்னல் ஜன்னலாகக் கடந்து பின்னால் போகிறது.
இன்னும் ஊதவில்லை.